ஸ்லாலம் போர்டு வாங்கணுமா, மொதல்ல ரோட்டைப் பாத்துட்டு வாங்க

மக்கா, மொதல்லயே சொல்லிருதேன், இது ஸ்கேட்போர்டுல ஒல்லி, கிக்ஃப்ளிப்னு குதிச்சு விளையாடுற ஆளுகளுக்கு எழுதுனது இல்ல. வரிசையா கோன் வச்சு அதுக்கு நடுவுல சாரைப்பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போறதுதான் ஸ்லாலம். காலைத் தரையில ஊனித் தள்ளக் கூடாது, இடுப்பையும் முழங்காலையும் வச்சே வேகம் எடுக்கணும், இதுக்குப் பம்பிங்னு பேரு. சின்ன வயசுல ஊஞ்சல்ல நின்னுக்கிட்டு குனிஞ்சு நிமிந்து உந்துவோம்லா, கிட்டத்தட்ட அதே சூட்சுமம்தான். ஒலிம்பிக் ஸ்கேட்போர்டிங்ல இருக்கிறது ஸ்ட்ரீட்டும் பார்க்கும் மட்டுந்தான், ஸ்லாலம் கிடையாது, அதனால டிவியில பாத்திருக்க மாட்டீங்க. நான் ரெண்டு வருசத்துல மூணு போர்டு மாத்தி, கையில ரெண்டு தழும்பு வாங்கி, சம்பளத்துல கொஞ்சத்த எடுத்துக் கொட்டித் தெரிஞ்சுக்கிட்டத இங்கன எழுதுதேன், நீங்களாவது ஒரே போர்டுல முடிச்சிக்கிடுங்க.

மொதப் போர்டு ஆன்லைன்ல 1,100 ரூவாய்க்கு வாங்குனது. படத்துல பாக்க அம்புட்டு அழகா இருந்துச்சு, வந்து சேந்தது 22 இஞ்ச் பிளாஸ்டிக் பலகையும் கையால சுண்டுனா டக்கு டக்குன்னு சத்தம் போடுற பிவிசி வீலும். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், திருப்பி எடுத்துக்கிடுங்கன்னு மூணு தடவ போன் போட்டுப் பாத்து வெறுத்துட்டேன். ட்ரக்குன்னு ஒண்ணு இருக்குல்லா, பலகைக்கு அடியில அச்சைப் பிடிச்சிக்கிட்டு இருக்கிற இரும்பு, நாம ஒரு பக்கம் சாஞ்சா அச்சு அந்தப் பக்கம் திரும்பணும், அதுதான் அதோட வேலையே. இதுல நடுவுல இருந்த புஷ்ஷிங் ரப்பரு கல்லு மாதிரி, என் 68 கிலோவையும் ஒரு ஓரத்துல ஏத்திப் பாத்தேன், பலகை வளையுது, அச்சு அசைய மாட்டேங்கு. இப்ப எங்க அக்கா மவன் அதுல உக்காந்து முத்தத்துல உருட்டிக்கிட்டுத் திரியுதான். அவனுக்கு அஞ்சுக்கு அஞ்சு, எனக்கு அஞ்சுக்குப் பூச்சியம்.

ரெண்டாவது பெங்களூர்ல வேலை பாத்துட்டு ஊருக்குத் திரும்புன ஒரு ஃப்ரெண்டுகிட்ட இருந்து பழசா எடுத்த லாங்போர்டு, 40 இஞ்ச், ட்ரக்கு அகலம் 180 மில்லிமீட்டர். நல்ல போர்டு, குறை சொல்லக் கூடாது, நேரா போறதுக்கு பல்லக்கு மாதிரி இருக்கும். ஆனா கோனுக்கு நடுவுல விட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டுக்குள்ள லாரி திருப்புற கதைதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல தூரம் கூடக் கூட வளைவு பெருசாகும், அதனால முன் வீலு கோனைத் தாண்டிரும், பின் வீலு வந்து தட்டி விட்டுட்டுப் போகும். போட்டியில கோனைத் தட்டுனா ஒவ்வொண்ணுக்கும் நேரம் கூடச் சேத்து விடுவாங்க, ரொம்பத் தட்டுனா அந்த ஓட்டமே செல்லாது. கோனைத் தள்ளித் தள்ளி வச்சு எறக்கத்துல வேகமா போற ஜெயண்ட் ஸ்லாலத்துக்கு கொஞ்சம் நீளமான போர்டு தப்பில்ல, நெருக்கமா வைக்கிற டைட் ஸ்லாலத்துக்குத்தான் இது ஆவாது.

அதுக்கப்புறந்தான் புத்தி வந்துச்சு, ரெடிமேடா தேடுறத விட்டுட்டு ஒவ்வொரு சாமானா சேத்து நாமளே கூட்டுவோம்னு. இந்த மூணாவது போர்டைப் பத்தித்தான் ரிவியூ.

பலகையில காசு போடாதீங்க. கேட்டா அடிக்க வருவாங்க, ஆனாலும் சொல்லுதேன். வெளிநாட்டு ஸ்லாலம் டெக் நல்லாத்தான் இருக்கும், மேப்பிளு, கார்பன் ஃபைபரு, காலு நிக்கிறதுக்கு குழிவுன்னு எல்லாம் உண்டு, ஆனா அந்தக் காசுக்கு ட்ரக்கும் வீலும் வாங்கிரலாம். நான் எங்க தெரு ஆசாரி அண்ணாச்சிகிட்ட 12 மில்லி மெரைன் பிளைவுட்ல 29 இஞ்ச் நீளம் எட்டே கால் இஞ்ச் அகலத்துல வெட்டி வாங்குனேன். "இது என்னய்யா, கோயில் சப்பரத்துக்கு ஸ்டெப்னியா?"ன்னு கேட்டாரு. அச்சுக்கும் அச்சுக்கும் நடுவுல 18 இஞ்ச் வர்ற மாதிரி ஓட்டை போடச் சொன்னேன், பின்னாடி ஒரு இஞ்ச் தள்ளி இன்னொரு செட் ஓட்டையும் போட்டு வச்சாச்சு, பிறகு மாத்திப் பாக்கலாம்லா. மேல ஒட்ட கிரிப் டேப் தேடி அலைய வேண்டாம், மாடிப்படியில வழுக்காம இருக்க ஒட்டுவாங்கல்லா சொரசொரன்னு கறுப்பு டேப்பு, ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல குடுப்பாங்க, அது ஆறு மாசம் ஆகியும் உரியல. உப்புத்தாள் ஒட்டுனேன் மொதல்ல, ஒரே மழையில பொதபொதன்னு ஆகிப்போச்சு. முன்னாடி விளிம்புல ஒரு சின்ன மரக்கட்டையை ஒட்டிக்கிட்டா பெருவிரலு முட்டி நிக்க வசதியா இருக்கும், இதுவும் ஆசாரி யோசனைதான், வெளிநாட்டுலயும் இப்பிடி வைக்கிறாங்கன்னு பொறவுதான் தெரிஞ்சுது.

பேரிங்கும் அப்பிடித்தான், ஸ்கேட்போர்டு பேரிங்னு தனியா பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. உள்ள 8 மில்லி, வெளிய 22, அகலம் 7, நம்பரு 608. பொடியனுவ கையில வச்சு சுத்துன ஸ்பின்னர்ல இருந்ததும் பெரும்பாலும் அதேதான். ஜங்ஷன் பக்கம் ஒரு பேரிங் கடையில போயி 608 எட்டு வேணும்னு கேட்டேன், "எந்த மோட்டாருக்கு?"ன்னாரு, "காலுக்கு"ன்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு எடுத்துக் குடுத்தாரு. ரப்பர் மூடி போட்டது வாங்குங்க, நம்மூரு புழுதிக்கு இரும்பு மூடி தாங்காது. பெட்டியில ஏபெக் 9னு, அதாவது பேரிங் எவ்வளவு துல்லியம்னு சொல்ற தர நம்பரு, போட்டிருந்தா அது சிறப்புன்னு நெனைக்க வேண்டாம், நாம போற வேகத்துக்கு அந்த நம்பரால ஒரு மாத்தமும் தெரியாது.

காசு போக வேண்டிய எடம் மொத ட்ரக்கு. ஸ்லாலம் போர்டுல முன் ட்ரக்கும் பின் ட்ரக்கும் ஒரே மாதிரி இருக்கக் கூடாதுங்கிறது எனக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் உறைச்சுது. முன்னாடி உள்ளது லேசா சாஞ்சாலே நல்லாத் திரும்பணும், பின்னாடி உள்ளது கொஞ்சம் மந்தமா, தரையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு வரணும். ரெண்டும் ஒண்ணுபோல திரும்புச்சுன்னா பம்ப் பண்ற சக்தி பின்னாடி போயி வீணாயிரும், வேகம் கூடுனா வாலும் ஆட ஆரம்பிச்சிரும். நான் முன்னாடி பென்னட் வெக்டர் 4.3, பின்னாடி பழைய ட்ராக்கர் ஆர்டிஎஸ் போட்டிருக்கேன், பெங்களூர் ஃப்ரெண்டு மூலமா கெடைச்சுது, ரெண்டுஞ் சேத்து அஞ்சாயிரத்தைத் தாண்டிருச்சு. பென்னட் பழைய கம்பெனி, பழைய டிசைன், அடித்தட்டு பிளாஸ்டிக்கா இருக்கேன்னு மொதல்ல சுணங்குனேன், ஆனா திரும்புது பாருங்க, மாட்டு வண்டிய விட்டுட்டு சைக்கிள்ல ஏறுன மாதிரி இருந்துச்சு. அது கெடைக்கலன்னா பாரிஸ் கம்பெனி மாதிரி ட்ரக்குல முன்னாடி 50 டிகிரி, பின்னாடி 43 டிகிரி சாய்வு உள்ள அடித்தட்டுன்னு போட்டு ஆரம்பிக்கலாம், 150 மில்லி சைஸு பாத்துக்கிடுங்க, 180 வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் திரும்பணும்னா பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவுல ஆப்பு வைக்கணும், ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெலிசா. வெட்ஜ்னு விக்கிறாங்க, நான் அதையும் ஆசாரிகிட்டதான் செதுக்கி வாங்குனேன். இதுல ஒரு கூத்து நடந்துச்சு. தடிப்பு எந்தப் பக்கம் வரணும்னு பாக்காம முன் ஆப்பைத் தலைகீழா மாட்டிட்டேன், போர்டு மாட்டுக்குப் பூட்டுன நொகத்தடி மாதிரி வெறச்சுக்கிட்டு நேராவே போகுது, நான் என்னடான்னா புஷ்ஷிங்தான் கோளாறுன்னு நட்டைத் தளத்தித் தளத்தி கடைசில கழண்டே விழுந்துருச்சு. ஒரு வாரம் கழிச்சு ஆப்பைக் கழட்டித் திருப்பி வச்சதும் பழையபடி சரட்டுன்னு வளைஞ்சுது. மாட்டி முடிச்சதும் ஒரு தடவ பலகையை ஒரு பக்கமா அமுக்கி அச்சு எவ்வளவு திரும்புதுன்னு கண்ணால பாத்துருங்க, அம்புட்டுத்தான் சோதனை. முழுசா சாச்சா வீலு பலகையில உரசுதான்னும் அப்பவே தெரிஞ்சிரும், உரசுனா பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவுல ரைசர்னு ஒரு தட்டை வச்சு தூக்கிருங்க, ஓடுற வீலு பலகையில பிடிச்சா ஆளு முன்னாடி பறப்பான். என் எடது உள்ளங்கைத் தழும்பு அப்பிடி வந்ததுதான். புஷ்ஷிங் வாங்கும்போதும் எடையைச் சொல்லி வாங்குங்க, ஒல்லியா உள்ளவங்களுக்கு மெத்துன்னு, கனத்த ஆளுகளுக்குக் கொஞ்சம் கடுசா.

இப்ப வீலுக்கு வாரேன், இதுதான் விசயமே. 1970க்கு முந்தி அமெரிக்காவுல இரும்புச் சக்கரம், களிமண் கலவைச் சக்கரம்னுதான் ஓட்டிருக்காவ, ஒரு சின்னக் கல்லு குறுக்க வந்தாலும் போர்டு அங்கனயே நிக்கும், ஆளு மட்டும் போயிக்கிட்டே இருப்பாரு. 70கள் தொடக்கத்துல ஃப்ராங்க் நாஸ்வொர்தின்னு ஒருத்தர் ரோலர் ஸ்கேட்டுக்கு செஞ்ச யூரித்தேன் சக்கரத்த எடுத்து ஸ்கேட்போர்டுல மாட்டி கேடிலாக்னு பேரு வச்சு வித்தாரு, அதுக்குப் பொறவுதான் ஸ்லாலமே சூடு பிடிச்சுது, ஏன்னா வழுக்காம வளையணும்னா ரோட்டைப் பிடிக்கிற சக்கரம் வேணும். அந்தக் கதை நமக்கு இன்னிக்கும் பொருந்தும், ஏன்னா நம்ம ரோடு அந்த மாதிரி. திருநெல்வேலிப் பக்கம் தார் ரோட்டுல ஜல்லி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும், வெளிநாட்டு வீடியோவுல கண்ணாடி மாதிரி ரோட்டுல 85ஏ வீலு (இந்த ஏ நம்பரு வீலு எவ்வளவு கடுசுன்னு சொல்றது, கூடக் கூடக் கடுசு) போட்டு ஓட்டுறான்னு நாமளும் அதையே வாங்குனா பல்லு ஆடிரும். 78ஏ, 80ஏ, இதுக்கு மேல போகாதீங்க. சைஸு 68ல இருந்து 72 மில்லிக்குள்ள. விளிம்பு உருண்டையா இருக்கிறது சறுக்குறதுக்கு செஞ்சது, நமக்கு விளிம்பு கூர்மையா சதுரமா இருக்கணும், அதுதான் வளைவுல கடிச்சுப் பிடிக்கும். நான் போட்டிருக்கிறது ஏபெக்11 கம்பெனி ஜிக்ஜாக் 70 மில்லி, செட்டு நாலாயிரத்துச் சொச்சம் ஆச்சு, கை நடுங்கிட்டுத்தான் குடுத்தேன், இப்ப கேட்டா இன்னொரு செட்டும் வாங்குவேன். வெயிலுக்கு யூரித்தேன் இன்னுங் கொஞ்சம் எளகும், சித்திரையில காலை ஒம்பது மணிக்கு மேல ஓட்டுனா புஷ்ஷிங்கும் கொழகொழன்னு ஆன மாதிரி தெரியும், வீலு மேலயோ ட்ரக்கு மேலயோ பழியப் போடாதீங்க.

சரி, எங்க ஓட்டுறது. இதுக்குத்தான் ரொம்ப அலைஞ்சேன். வ.உ.சி. மைதானம் பக்கம் காலையில நடக்குறவங்க கூட்டம், போர்டைக் கீழ வச்சாலே நாலு பேரு மொறைப்பாவ, அவுக மேலயும் தப்பு இல்ல. புதுசா கட்டுற எடம் பூரா, மண்டபம், பார்க்கு, நடைபாதை, எல்லாத்துலயும் இந்த இன்டர்லாக் கல்லைப் பதிச்சு வச்சிருக்காவ, அதுல போனா தடதடதடன்னு மூளையே கலங்கிரும், வீலை மாத்திக் குறைச்சுக்கலாம்னு நெனைச்சா நடக்காது. ரெட்டியார்பட்டி மலைப்பக்கம் எறக்கம் இருக்கேன்னு ஒரு பொடியன் கேட்டான், அது நாலுவழிச் சாலைலே, நாகர்கோவில் போற பஸ்ஸும் லாரியும் பறக்குற எடம், கனவுல கூட நெனைக்காத. மணிமுத்தாறு, பாபநாசம் மலை ரோடும் வேண்டாம், அது புலிகள் காப்பகம், வளைவுக்கு வளைவு பஸ்ஸு, செக்போஸ்ட்டுல போர்டைப் பாத்தாலே திருப்பி அனுப்பிருவாவ, அனுப்புறதும் சரிதான்.

உள்ளபடியே நல்ல எடம் எதுன்னா பிளாட் போட்ட எடம். ஊரைச் சுத்தி வெளிய போனா தெரியும், வயக்காட்டுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவுல பெருசா ஆர்ச் கட்டி, உள்ள மஞ்சக் கல்லு நட்டு, 30 அடி தார் ரோடு போட்டு, ஒரு வீடு கூட இல்லாம கெடக்கும். எங்களுக்கு கிடைச்சது பாளையங்கோட்டையில இருந்து பைக்குல இருவது நிமிசம், ரோட்டுல லேசா ஒரு வாட்டம் உண்டு, தண்ணி ஓடுறதுக்கு விட்டது, ஸ்லாலத்துக்குன்னே அளந்து விட்ட மாதிரி. வாட்ச்மேன் தாத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் இறங்குனோம். "பலகைல சக்கரமா, விழுந்து கையக் கால ஒடிச்சிட்டு நம்ம மேல பழியப் போட்டுராதீரும்"னாரு, ஹெல்மெட்டு, முட்டிக்கு பேடு எல்லாத்தையும் காட்டுனதும் சிரிச்சிட்டு விட்டுட்டாரு. அன்னைல இருந்து அவருக்கு ஒரு டீ, ஒரு வடை கணக்குல உண்டு. போன உடனே செய்ற மொத வேலை வெளக்குமாறு எடுத்து அம்பது அடிக்கு ரோட்டைப் பெருக்குறது. சிரிக்காதீங்க, ஒரு கடுகளவு ஜல்லி போதும். ஆட்டுப் புழுக்கையும் ஏகத்துக்குக் கெடக்கும், அதுல வீலு ஏறுனா ஒண்ணும் ஆகாது, ஆனா போர்டை எடுத்துட்டு வீட்டுக்குள்ள போகும்போது அம்மா பேச்சு வாங்கணும்.

கோனுக்கு அளவு ஒண்ணு சொல்லுதேன். இன்லைன் ஸ்கேட்டிங் பொடியனுவ 80 சென்டிமீட்டர்ல வைப்பானுவ, அதைப் பாத்து வச்சிராதீங்க, போர்டு அதுக்குள்ள போகாது. பழக ஆரம்பிக்கும்போது ஏழடிக்கு ஒண்ணு, பத்துப் பன்னெண்டு கோன் போதும், கை வந்த பொறவு ஆறடி, அஞ்சரைன்னு நெருக்கலாம். நான் ஒரு நைலான் கயிறுல ஏழடிக்கு ஒரு முடிச்சு போட்டு வச்சிருக்கேன், ரோட்டுல இழுத்துப் பிடிச்சு முடிச்சுக்கு நேரா சாக்பீஸால புள்ளி வச்சா ரெண்டு நிமிசத்துல வேலை முடிஞ்சிரும். கோன் வாங்க காசில்லாம டீக்கடை பேப்பர் கப்பைக் கவுத்தி வச்சுப் பழகுனோம், ஆனி ஆடியில கச்சான் காத்து அடிச்சா ஒரு கப்பும் நிக்காது, மேல ஒரு கல்லு வச்சா அதுல வீலு ஏறி இன்னொரு தழும்பு. அப்புறம் ஸ்போர்ட்ஸ் கடையில ஃபுட்பால்காரங்க வைக்கிற தட்டையான பிளாஸ்டிக் மார்க்கர் வாங்குனோம், மிதிச்சாலும் நசுங்கிட்டுத் திரும்ப எந்திரிச்சிரும். ஓட்டும்போது காலடியில உள்ள கோனைப் பாக்காதீங்க, மூணாவது கோனைப் பாருங்க, இந்த ஒண்ணு பிடிபட எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

இன்னொரு எடமும் உண்டு, கிராமத்துல நெல்லு அடிக்கிற சிமெண்டுக் களம். என் ஆச்சி ஊரு தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம், அங்கன உள்ள களம் பழசுனாலும் வழவழன்னு இருக்கும், வீலு சத்தமே கேக்காது, டைட் ஸ்லாலத்துக்கு அதை மாதிரி ஒரு தரை நான் பாக்கல. ஆனா கார் அறுப்பு, பிசான அறுப்பு ரெண்டு நேரத்துலயும் பூரா நெல்லு காயும், அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒரு தடவ ஓரமா எடம் இருக்கேன்னு கோனை வச்சேன், "ஏய்யா, நெல்லு மேல காலு பட்டுராம போய்யா"ன்னு தூரத்துல இருந்து ஒரு ஆச்சி, வையக் கூட இல்ல, கெஞ்சுற மாதிரிதான் சொன்னா, எனக்கு வெக்கமாப் போயி எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்துல எங்கயுமே ஓட்ட முடியாது, ஈரத்துல யூரித்தேன் வழுக்கும், பேரிங்குல தண்ணி போனா துருவும், அப்ப வீட்டுல கழட்டி மண்ணெண்ணெயில கழுவி எண்ணெ போட்டு வச்சிருங்க.

மொத்தத்துல எனக்கு ஆன செலவு பதினொராயிரம் சில்லறை, அதுல ஹெல்மெட்டும் பேடும் சேத்தி. பலகைக்கு அஞ்சுக்கு மூணரை, பிளைவுட்டு கனமா இருக்கு, ஓரம் பிசுறு விடுது. ட்ரக்குக்கு நாலரை. வீலுக்கு அஞ்சு. இதே வீலைக் களத்துல ஓட்டுறப்ப கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இழுக்கிற மாதிரி இருக்கு, சிமெண்டுத் தரை மட்டுந்தான் உங்களுக்கு வாய்ச்சிருக்குன்னா 83ஏ போடுங்க, பிளாட் போட்ட எடத்துத் தார் ரோட்டுக்கு 78ஏ. மொத தரையைப் போயி காலால தேச்சுப் பாத்துட்டு வந்து ஆர்டர் போடுங்க.

போன வாரம் போனா நம்ம ரோட்டுல மொத வீட்டுக்கு வானம் தோண்டிட்டாவ. ஜல்லி லாரி ஏறி ரோட்டோரம் பேத்துக்கிட்டு கெடக்கு. வீட்டுக்காரரு நல்ல மனுசன், மணலை ஓரமா தட்டச் சொல்லுதேன் தம்பின்னாரு. தாத்தா எங்களைக் கூட்டிட்டுப் போயி மூணாவது குறுக்குத் தெருவைக் காட்டியிருக்காரு, அங்க வாட்டம் கொஞ்சம் கம்மி, ஆனா இன்னும் ஒரு பிளாட்டும் விக்கலையாம். இந்த ஞாயித்துக்கிழமை வெளக்குமாறோட அங்கதான் இருப்போம், காலை அஞ்சரைக்கு.